காலையில் சுற்றாத எஞ்சின்

முப்பத்தெட்டு வருஷம் தோட்டத்து லொறி கராஜில் வேலை செய்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு நோர்வூட்டில் சொந்தமாக ஒரு சின்ன கராஜ் வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ எஞ்சினுக்கு உயிர் கொடுத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொள்ளலாம். ஆனால் இங்கே எழுதப்போவது நல்லா இருந்த ஒரு எஞ்சின் செத்துவிட்டது என்று நான் தீர்ப்புச் சொன்ன கதை. அதுவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போது கராஜில் இறங்கியிருக்கும் தம்பிமார்கள் இதைப் படித்துச் சிரிக்கட்டும், பரவாயில்லை.

1. தீர்ப்பு

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே பெரிய கிளாக்கராக இருந்தவர் மரியதாஸ் ஐயா. அவரிடம் ஒரு பச்சை நிற இங்கிலீஷ் கார் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. நாலு சிலிண்டர், முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் வகை. ஐயா இறந்து பத்தொன்பது வருஷம். அன்றிலிருந்து அந்தக் கார் தோட்டத்துத் தகர ஷெட்டில், நாலு கல்லின் மேல் நின்றது. ஐயாவின் மீதிருந்த மரியாதையால் யாரும் அதைத் தொடவில்லை.

புதிதாக வந்த தோட்டத்துத் துரைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. உர மூட்டை அடுக்க இடம் வேண்டும், வருகிற சனிக்கிழமைக்குள் ஷெட்டைக் காலி பண்ணுங்கள் என்று ஆள் விட்டார். ஐயாவின் மகள் ஸ்டெல்லா டீச்சர் என்னைத் தேடி வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அறுபது தாண்டிய மனுஷி, பேச்சு மட்டும் இன்னும் வகுப்பறைப் பேச்சுதான்.

"ராமையாண்ணே, தம்பி அன்டன் கொழும்புலருந்து ஒரே பிடியா நிக்கிறான். எஞ்சின் சும்மா ஸ்டார்ட் ஆகும்னா கார வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சுக்கிடு, எஞ்சின எறக்கி முழுசா செய்யணும்னா பழைய இரும்புக்காரன்கிட்ட குடுத்துரலாம்ங்கிறான். இரும்புக்கார சிறில் சனிக்கிழமை காலைல லொறி கொண்டாறானாம். நீங்க வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லணும். நீங்க சொன்னா அவன் கேப்பான்."

என் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு வந்தது. அதை மறைக்க மாட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறி ஏழு மணிக்கெல்லாம் ஷெட்டில் போய் நின்றேன். அந்தி நேரத்தில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும், அதனால் வேலை என்றால் எனக்குக் காலைதான். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர்.

ஹேண்டிலைப் போட்டுத் திருப்பினேன். அசையவில்லை. காலை ஊன்றித் திருப்பினேன். கார் முழுவதும் கல்லோடு ஆடியது, எஞ்சின் ஆடவில்லை. எண்ணெய் பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்தேன், பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. துரு என்று மனசில் குறித்துக்கொண்டேன். அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியின் நட்டைக் கழற்றினேன். ஒரு சொட்டு வரவில்லை. எண்ணெய் வற்றிவிட்டது என்று குறித்துக்கொண்டு நட்டைத் திரும்பப் பூட்டினேன். பிளக் நாலையும் கழற்றி ஓட்டைக்குள் கம்பியை விட்டுச் சுரண்டினேன். வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அலுமினியம் அரித்தால் வெள்ளைத் துரு பூக்கும். பிஸ்டன் நாலும் போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

நான் சுரண்டிக்கொண்டிருக்கும்போது டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"ராமையாண்ணே, அப்பா சொன்னபடி நான் மாசா மாசம் இதுக்கு..."

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது. இது எஞ்சின் விஷயம், நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

டீச்சர் தள்ளி நின்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளின் வாயை அடக்கிய மனுஷியை நான் ஒரே பேச்சில் அடக்கிவிட்டேன். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டீச்சரின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து வாங்கி எழுதினேன்: "எஞ்சின் ஜாம். பிஸ்டன் அரிப்பு. எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன், ரிங், பெயாரிங் மாற்ற வேண்டும். சாமான் கிடைப்பது கஷ்டம்." கீழே கையெழுத்து.

டீச்சர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு காரின் பானட்டை முந்தானையால் ஒரு தரம் துடைத்துவிட்டு, "சரிங்கண்ணே, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். பாதி குடித்து வைத்துவிட்டு எழுந்தேன். ஆனாலும் என் தீர்ப்பில் சந்தேகம் வரவில்லை.

2. மகனுக்கு மட்டும் சுற்றுகிற கார்

மறுநாள் பின்னேரம் இரண்டரை மணி போல போன் வந்தது. அன்டன். இரும்புக்காரனைப் பார்த்துப் பேசக் கொழும்பிலிருந்து வந்து இறங்கியிருக்கிறான்.

"என்னா பாஸ், ஜாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. சுத்துதே!"

"எது சுத்துது?"

"எஞ்சின்தான். சும்மா கைய வச்சுப் பாத்தேன். கொஞ்சம் டைட்டு, ஆனா சுத்துது. வீடியோ அனுப்புறேன் பாருங்க."

வீடியோ வந்தது. காற்சட்டை கசங்காமல் ஒரு கொழும்பு ஆபீஸ்காரன் ஒற்றைக் கையால் ஹேண்டிலைச் சுற்றுகிறான். எஞ்சின் சுற்றுகிறது. முப்பத்தெட்டு வருஷச் சர்வீஸ் அந்தச் சின்னத் திரையில் சுற்றிக்கொண்டு போனது.

புதன்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஏழு மணி. ஹேண்டிலைப் போட்டேன். அசையவில்லை. தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கார் செத்தாலும் பரவாயில்லை, என் கையெழுத்து பிழைத்துவிட்டது என்ற சந்தோஷம். உடனே அன்டனுக்குப் போன் போட்டேன். தூக்கத்தில் எடுத்தான்.

"தம்பி, ஒங்க வீடியோவ எங்க எடுத்தீங்க? வேற காரா?"

"என்னா பாஸ் பேசுறீங்க! எங்க அப்பா கார் எனக்குத் தெரியாதா?"

"ஒண்ணு நீங்க ஏதோ ஒடச்சிட்டீங்க, இல்லாட்டி..."

"ஒடையற அளவுக்கு நான் என்னா பலசாலியா? ஒங்களுக்குத்தான் வயசாயிருச்சு, கையில வலு இல்ல!"

இதற்குள் செய்தி தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டது. கொழுந்து பறிக்கப் போகிற ஒரு அக்கா ஷெட் வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு, "பாஸ், கிளாக்கரய்யா மகனுக்கு மட்டுந்தான் சுத்த விடுவாரு. ஒங்களுக்கு விடமாட்டாரு. உசிரோட இருக்கப்பவே அந்தக் கார யாரையும் தொடவிடமாட்டாருல்ல" என்றது. கூட நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். ஒரு தேங்காய் உடைத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேதக்காரக் கிறிஸ்தவர் வீட்டுக் காருக்குத் தேங்காய் உடைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். அங்கேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

எனக்கு ஆவியில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொல்லிவைத்தால் என்ன என்று, ஹேண்டிலைக் கழற்றும்போது "ஐயா, மன்னிச்சிருங்க" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

3. போத்தல்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் அன்டனும் இரண்டு பேரும் சேர்ந்து சோதிப்பது என்று டீச்சர் ஏற்பாடு செய்தார். "ரெண்டு பேரும் என் முன்னால சுத்திக் காட்டுங்க, யாரு சொல்றது பொய்னு பாப்போம்" என்று சொல்லி, ஷெட்டுக்குள் ஒரு நாற்காலி போட்டுப் பரீட்சை மேற்பார்வைக்கு உட்காருவது போல உட்கார்ந்துகொண்டார்.

பத்து மணிக்கு நான் திருப்பினேன். அசையவில்லை. அன்டன் திருப்பினான். முகம் சிவந்தது, எஞ்சின் அசையவில்லை. "முந்தாநாள் சுத்துச்சு அக்கா, சத்தியமா சுத்துச்சு" என்றான். நான் மீசையைத் தடவினேன்.

பதினொன்றரைக்கு வெயில் வந்தது. சும்மா இருக்கட்டும் என்று ஹேண்டிலைத் தொட்டேன். ஒரு விரற்கடை நகர்ந்தது. பன்னிரண்டரைக்குக் கால் சுற்று. தகரக் கூரை காய்ந்து ஷெட்டுக்குள் புழுங்கியது. ஒன்றரைக்கு அரைச் சுற்று. இரண்டு மணிக்கு அன்டன் ஒற்றைக் கையால் சுற்றினான். மூன்று மணிக்கு மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. நாங்கள் நின்று பார்க்கும்போதே ஹேண்டில் மெல்ல மெல்ல இறுகியது.

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது. துரு என்றால் காலை மாலை பார்க்காது. வெயிலுக்கு இளகி, குளிருக்கு இறுகுகிற சாமான் ஒன்று எஞ்சினுக்குள் இருக்கிறது.

"டீச்சர்," என்றேன், "இந்த எஞ்சினுக்குள்ள யாராச்சும் எதையாச்சும் ஊத்துனீங்களா?"

"அதத்தானே திங்கக்கிழமையே சொல்ல வந்தேன். நீங்க தள்ளி நிக்கச் சொன்னீங்க."

டீச்சர் எழுந்து ஷெட்டின் மூலையில் இருந்த பலகையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்தார். பக்கத்திலேயே ஒரு தேக்கரண்டி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தது.

"அப்பா படுக்கையில விழுந்தப்ப பழைய எண்ணெய எல்லாம் எறக்கச் சொன்னாரு. அப்புறம் எங்கிட்ட, மாசம் ஒருக்கா நாலு பிளக் ஓட்டையிலயும் ஒவ்வொரு தேக்கரண்டி எண்ணெய் விடு, இல்லாட்டி எஞ்சின் ஜாமாயிரும்னாரு. மாசத்து மொத ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சு நேரா இங்கதான் வருவேன். ஒரு மாசம் விட்டதில்ல. நல்ல எண்ணெய்தான் விட்டேன் ராமையாண்ணே, சுத்தமான தேங்கா எண்ணெய்."

போத்தலைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது.

"ஊத்துறதுக்கு முன்னாடி பக்கத்துப் பிள்ளைக் காம்பராவுல பால் காய்ச்சுற அடுப்புல வச்சு உருக்கிக்குவேன்" என்றார். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது.

போத்தலை உருக்கி ஊற்றினார். எஞ்சினை யார் உருக்குவது? நின்றபடியே கணக்குப் போட்டேன். மாசம் நாலு தேக்கரண்டி, பத்தொன்பது வருஷம். நாலரை லீட்டர். பிஸ்டன் இடுக்கு வழியாக வழிந்து இறங்கி, அந்த எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி முழுக்கத் தேங்காய் எண்ணெய். எஞ்சினுக்குள் சுற்றவேண்டிய கிராங்க் தண்டு அதில் புதைந்து கிடக்கிறது. நட்டைக் கழற்றியும் சொட்டு விழாதது அதனால், டிப் ஸ்டிக் வராதது அதனால், பிளக் ஓட்டையில் வெள்ளையாக வந்ததும் அதுதான். மோந்து பார்த்திருந்தாலே போதும். ஆனால் நானும் மலைநாட்டுக்காரன்தானே. தினமும் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்பில் காட்டி உருக்கித் தலையில் தேய்த்துக்கொண்டு வருகிறவன். என் தலை மணத்தில் எஞ்சின் மணம் எனக்குத் தெரியவில்லை.

அன்டன் சிரிக்க ஆரம்பித்தான். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, அப்பா எஞ்சின் ஆயிலச் சொன்னாரு! நீ வடை சுடுற எண்ணெய ஊத்தியிருக்க! எஞ்சின ஜாமாக்குனதே நீதான்!"

நானும் சிரித்தேன். பிறகுதான் டீச்சரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மழையில கூட கொடையப் பிடிச்சுக்கிட்டு வந்தேனே அன்டன். அப்பா கடேசியா எங்கிட்ட ஒப்படச்ச வேல இது ஒண்ணுதான். அதையும் நானே கெடுத்துட்டேனா?"

திங்கட்கிழமை நான் அவரை முழுசாகப் பேசவிட்டிருந்தால் இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்காது. எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

4. கரி அடுப்பு

இறக்குவதா வேண்டாமா என்பதை இனி ஊகித்துச் சொல்லக்கூடாது, கண்ணால் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்து அன்று இரவு பஸ்ஸுக்குப் போகவில்லை. டீச்சர் வீட்டில் படுத்தேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு பழைய தகரத் தட்டில் கரித்தணல் நிரப்பி எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் வைத்தேன். காரின் பெட்ரோல் தாங்கி பின்னால் இருந்தது, அது பத்தொன்பது வருஷமாகக் காலி. குளிர் நாளில் பழைய டீசல் லொறிக்கு இப்படிச் செய்தவர்கள் நாங்கள். ஆனாலும் தம்பிமார் இதைப் பார்த்துச் செய்யவேண்டாம்.

தணல் எல்லாம் பிள்ளைக் காம்பரா அடுப்பிலிருந்துதான் வந்தது. மூன்றாம் தரம் நான் கரி கேட்டுப் போனபோது அங்கிருந்த ஆயாம்மா கரண்டியை ஓங்கிவிட்டது. "பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுறதா, ஒங்க காருக்குக் கசாயம் வைக்கிறதா?"

அரை மணி நேரத்தில் நட்டைக் கழற்றியதும் ஓட்டையிலிருந்து மஞ்சளாக இறங்க ஆரம்பித்தது. அன்டன் காற்சட்டையை மடித்துக்கொண்டு பேசினைப் பிடித்தான். ஒரு பேசின் நிறைந்து இன்னொன்று வைத்தோம். எண்ணெய்ச் சிக்கு நாற்றம் ஷெட்டைத் தூக்கியது. பிறகு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு தரம் கழுவினேன். கடைசியாகச் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை மட்டும் கழற்றினேன்.

சிலிண்டரின் உட்சுவரான போரில் துருக்குழி இருந்தால் என் திங்கட்கிழமைத் தீர்ப்பு நிற்கும், கார் நாளைக்குச் சிறிலின் லொறியில் ஏறும். இந்தத் தடவை என் தீர்ப்பு தோற்கவேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன். துணியால் நாலு போரையும் துடைத்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடியாக இருந்தது. நாலிலும் ஒரு புள்ளி துரு கிடையாது.

டீச்சர் வெளியே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன்.

"டீச்சர், இங்க வாங்க. வெரல உள்ள விட்டுத் தடவிப் பாருங்க."

தயங்கித் தயங்கி விரலை விட்டார்.

"வழுவழுன்னு இருக்கு."

"பத்தொம்பது வருஷம் இந்தப் பனியிலயும் மழையிலயும் சும்மா விட்டுருந்தா இது உளுத்துப்போயிருக்கும். நான் எழுதிக் குடுத்தது மாதிரியே ஆயிருக்கும். ஒங்க எண்ணெயாலதான் ஜாமாச்சு, அதுல பொய் சொல்லமாட்டேன். ஒங்க எண்ணெயாலதான் தப்பிச்சும் இருக்கு. எஞ்சின எறக்கவேண்டியதில்ல. அப்பா குடுத்த வேலைய நீங்க கெடுக்கல டீச்சர். நான்தான் கேக்காம கெடுக்கப் பாத்தேன். மன்னிச்சுக்கங்க."

டீச்சர் அழுதார். அதை மறைக்கவும் இல்லை. எண்ணெய் விரலாலேயே கண்ணைத் துடைத்துவிட்டு, எரிகிறது என்று சிரித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப இனிமே என்னா எண்ணெய் விடணும்?"

"ஒண்ணும் விடவேணாம். ஓட்டுங்க."

5. சனிக்கிழமை

ஹெட்டுக்கு அடியில் வைக்கும் புது கேஸ்கட்டுக்கு எங்கே போவது? பழையது செம்பு. அதைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மிருதுவாகி மறுபடி உட்காரும். அதற்கும் பால் அடுப்புதான். ஆயாம்மா தலையில் அடித்துக்கொண்டது. ஹெட்டைப் பூட்டி, சரியான எஞ்சின் ஆயில் விட்டு, என் கராஜிலிருந்து பற்றரி கொண்டுவரச் சொல்லி, பெட்ரோலை ஒரு போத்தலில் ஊற்றி பானட்டில் கட்டித் தொங்கவிட்டு கார்பரேட்டருக்குக் குழாய் கொடுத்தேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு இரும்புக்கார சிறில் லொறியோடும் சங்கிலியோடும் வந்து நின்றான். கார் கல்லிலிருந்து இறங்கிச் சக்கரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னா பாஸ், வேல ஈசி பண்ணித் தந்திட்டீங்க" என்று தன் சிங்களம் கலந்த தமிழில் சொன்னான். "கொஞ்சம் இருங்க சிறில்" என்றேன்.

முதல் சுற்று, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு தும்மல். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புகைபோக்கிக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி ஷெட்டை நிறைத்து, ரோட்டைத் தாண்டி, லயம் வரை போனது. குழாயிலும் மூலைமுடுக்கிலும் மிச்சமிருந்த தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்து எரிந்தது. வாசம் என்றால் அப்படியொரு வாசம். லயத்துப் பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்தன. பின்னாலேயே பெரியவர்களும் வந்தார்கள். யார் வீட்டில் விசேஷம், முறுக்கா வடையா என்று கேட்டார்கள். சிறில் புகைக்குள் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "பாஸ், எனக்குப் பசி வருது" என்றான்.

அன்டன் தன் காசில் ஆள் அனுப்பிப் பஸாரிலிருந்து நிஜ வடை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தான். அக்காவின் கையில் முதல் வடையைக் கொடுத்து, "சிரிச்சதுக்கு" என்று மட்டும் சொன்னான். சிறில் நாலு தின்றுவிட்டுக் காலி லொறியோடு திரும்பிப் போனான்.

டயரை நம்ப முடியாததால் மெதுவாக ஓட்டிக்கொண்டு டீச்சர் வீட்டு மேட்டில் ஏற்றினேன். பக்கத்தில் டீச்சர் உட்கார்ந்து வந்தார். வழி முழுவதும் அந்தக் காரைப் பற்றிப் பேசினார். எந்த வளைவில் அப்பா ஹோர்ன் அடிப்பார், எந்தப் பாலத்தில் சூடாகி நிற்கும், எல்லாம். நான் குறுக்கே பேசவில்லை.

தம்பிமார்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். பழைய வண்டியை இறக்கிச் செய்வதா வேண்டாமா என்று கேட்டு யாராவது வந்தால் நட்டு கழற்றும் சாவியைக் கையில் எடுக்காதீர்கள். இத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை உட்காருங்கள். என்னைப் போல வெளிச்சம் மறைக்கிறது என்று விரட்டாதீர்கள்.

டீச்சர் இப்போது கார் ஓட்டப் பழகுகிறார். முன்னாலும் பின்னாலும் எல் போர்டு மாட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதில்தான் போகிறார். கோயில் மேட்டில் கிளச்சை மிதித்தபடியே நிறுத்தி, போகிற வருகிறவர்களோடு எல்லாம் பேசுகிறார். அவர் ஓட்டுகிற லட்சணத்தில் அடுத்த மழைக்காலத்துக்குள் கிளச் போய்விடும். போகட்டும். ஒரு நாள் முழுக்கப் பேசவிட்டு, அதற்குப் பிறகுதான் கழற்றுவேன்.